எட்டுப் பண்டிகை, ஒரு வருடம்: பேகன் ஆண்டுச் சக்கரத்தைப் பின்பற்ற முழுமையான வழிகாட்டி

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ இருக்கும் நம்மவர்களுக்கு அக்டோபர் கடைசியில் இது நடந்திருக்கும். கடையெல்லாம் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் ஆரஞ்சுப் பூசணியுமாகக் கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் “எங்களுக்கு ஹாலோவீன் இல்லை, சௌவின்” என்பார். கேட்டால் தன்னை பேகன் என்பார், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்திய இயற்கை வழிபாட்டைத் தன் வழியாக எடுத்துக்கொண்டவர். இப்படிப்பட்டவர்கள் ஏதோ நாலைந்து பேர் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் என்னதான் செய்கிறார்கள், ஒரு வருடம் நாமும் கூடவே நடந்து பார்த்தால் என்ன என்று யோசிப்பவர்களுக்குத்தான் இது. மதம் மாறச் சொல்லவில்லை. வசியம், தாயத்து, ஏவல் எதுவும் இதில் கிடையாது, அதைத் தேடி வந்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் படி: எது பழசு, எது புதுசு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் பிறகு ஏமாந்துபோன மாதிரி இருக்கும், அதனால்தான் முதலில் வைக்கிறேன்.

ஆண்டுச் சக்கரத்தில் எட்டு நாட்கள். நான்கு சூரியனுடையவை: டிசம்பர் 21-ஐ ஒட்டிய நீண்ட இரவு, ஜூன் 21-ஐ ஒட்டிய நீண்ட பகல், மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 22-ஐயும் ஒட்டிய சம இரவு நாட்கள். மற்ற நான்கும் இவற்றுக்கு இடையில் விழுகிற ஐரிஷ் பண்டிகைகள்: நவம்பர் 1 சௌவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. இந்த நான்கும் இடைக்கால ஐரிஷ் ஏடுகளில் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் எட்டையும் ஒரே வட்டமாகக் கோத்தது 1950களில்தான். விக்கா என்ற நவீன சூனியக்கார மதவழியைத் தொடங்கிய ஜெரால்டு கார்ட்னரின் வட்டமும், அவருடைய நண்பர் ராஸ் நிக்கல்ஸ் இருந்த, பழைய கெல்டியப் பூசாரிகளான ட்ரூயிட்களின் பெயரில் இயங்கிய வட்டமும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் 1735-ன் சூனியச் சட்டம் ரத்தானதே 1951-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் கார்ட்னர் வெளிப்படையாகப் பேசவே ஆரம்பித்தார்.

இந்தக் கார்ட்னர் வாலிப வயதில் சிலோனில் தேயிலைத் தோட்டத்திலும், அப்புறம் மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்த்தவர். நம்மவர்கள் கப்பலேறிப் போன அதே காலம், அதே தொழில்.

பெயர்களிலும் சில இன்னும் புதுசு. செப்டம்பர் சம இரவு நாளுக்கு ‘மேபன்’ என்ற பெயரை வைத்தது ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர், 1970களில். மார்ச் பண்டிகைக்கு ‘ஒஸ்தாரா’ என்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிவைத்த ஒரே ஒரு குறிப்பு. ஈஸ்ட்ரே என்று ஒரு தெய்வம், அவள் பெயரில் ஒரு மாதம், அவ்வளவுதான் அவர் சொல்கிறார். முயலும் முட்டையும் அதில் இல்லை. ஆகவே யாராவது “ஐயாயிரம் வருடமாக அறுபடாமல் வரும் மரபு” என்று ஆரம்பித்தால் புன்னகைத்துவிட்டுத் தாண்டிப் போங்கள். புதுசு என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. எழுபது வருடமாக ஆயிரக்கணக்கான பேர் இதை வைத்துத் தங்கள் செத்தவர்களை நினைக்கிறார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். எனக்கு அதுவே போதுமானதாகப் படுகிறது.

இரண்டாம் படி: உங்கள் ஊர் வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்

இந்தச் சக்கரம் மொத்தமும் ஓடுவது ஒரே எரிபொருளில்: பகல் நீள்வதும் சுருங்குவதும். லண்டனில் டிசம்பர் 21 அன்று பகல் 7 மணி 50 நிமிடம், ஜூன் 21 அன்று 16 மணி 38 நிமிடம். எடின்பரோ போனால் வித்தியாசம் இன்னும் கூடும். சென்னையில் அதே இரண்டு நாட்களில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடமும் 12 மணி 55 நிமிடமும், அதாவது ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். நம் ஊரில் வருடத்தைப் புரட்டிப் போடுவது மழை, வெளிச்சமல்ல. அதனால் மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு இம்போல்க் கொண்டாடுவதில் எனக்குப் பெரிதாக அர்த்தம் தெரியவில்லை. படிக்கலாம், ரசிக்கலாம், ஆனால் அந்தப் பண்டிகை பதில் சொல்கிற கேள்வியே அங்கே எழாது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஆறு மாதம் தள்ளிப் போட வேண்டும். அங்குள்ள பேகன்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள்: சௌவின் ஏப்ரல் கடைசியில், நீண்ட இரவு ஜூனில். தேதியைவிடப் பருவம் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரு நோட்டை எடுத்து, எட்டு நாட்களுக்கும் உங்கள் ஊரின் சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டையும் எழுதிவையுங்கள். சூரிய நாட்கள் வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் பண்டிகைகள் முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடும், அதனால்தான் நவம்பர் 1-க்கான நெருப்பை அக்டோபர் 31 இரவு மூட்டுகிறார்கள்.

தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோமே, அதுவும் இந்தக் கணக்குதான். வானத்தில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே நடந்துவிடுகிறது. நட்சத்திரங்களை வைத்துப் போட்ட பஞ்சாங்கமும் பருவமும் சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்து, பிறகு மெல்ல விலகி, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கின்றன.

மூன்றாம் படி: ஓர் இடத்தைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடம். பூங்கா மூலை, கால்வாய்க் கரை, கல்லறைத் தோட்டம், எதுவானாலும் சரி, ஒரு மரமாவது இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை போய், போனைப் பையில் வைத்துவிட்டு, இருபது நிமிடம் உட்காருங்கள். மந்திரம் கிடையாது. என்ன பூத்திருக்கிறது, என்ன உதிர்ந்திருக்கிறது, எந்தப் பறவை காணாமல் போயிருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

விழுந்த மரக்கட்டை ஏதாவது இருந்தால் அதன் பக்கத்தில் உட்காருங்கள் என்பது என் சிபாரிசு. கட்டையைப் புரட்டாமல் பட்டை உரிந்த இடத்தைக் கிட்டப் பாருங்கள்: தூளாகிப் போன மரம், அதில் வெள்ளை நூல் மாதிரி ஓடும் பூஞ்சை, ஓரத்தில் மரப்பேன்கள், மேலே பாசி, பாசிக்குள் ஏதோ ஒரு விதை இரண்டு இலை விட்டு நிற்கும். தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் பெரிய கொம்பு வண்டு புழுவாகவே பல வருடம் இப்படி மக்கும் மரத்துக்குள் கிடந்து, பிறகு ஒரே ஒரு கோடைக்கு மட்டும் வெளியே வந்து பறந்து, முட்டை போட்டுச் சாகிறது. சாவும் தொடர்ச்சியும் பற்றிப் பேகன்கள் சொல்வதில் பாதி இந்தக் கட்டையிலேயே இருக்கிறது. மீதிப் பாதி ஐந்தாம் படியில்.

நான்காம் படி: சௌவினில் தொடங்குங்கள்

வசந்தத்தில் தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இருட்டில் தொடங்கி வெளிச்சத்துக்குப் போவதுதான் இவர்கள் வழக்கம், பல பேகன்களுக்கு வருடப் பிறப்பே சௌவின்தான்.

பழைய அயர்லாந்தில் இது ஆடுமாடுகளை மேட்டு மேய்ச்சலிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் காலம். குளிர்காலத்துக்குத் தீனி போட முடியாத உருப்படிகளை அப்போது அறுத்துவிடுவார்கள். இடைக்காலக் கதைகளில் அன்றிரவு மேடுகளின் கதவு திறக்கிறது, அப்பால் உலகத்தார் வெளியே வருகிறார்கள். செத்தவர்களுக்கான நாள் என்ற அழுத்தம் எவ்வளவு பழசு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நவம்பர் 2-ஐ எல்லா ஆத்துமாக்களின் நாளாக்கிப் பரப்பியது பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் க்ளூனி மடம், அந்த வழக்கமும் இதில் வந்து கலந்துவிட்டது. அயர்லாந்தின் பல வீடுகளில் அந்த இரவுகளில் அடுப்பைக் கூட்டித் துடைத்து, நெருப்பை அணையாமல் மூடி, கதவைத் தாழிடாமல், வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். எது தேவாலயம், எது அதற்கு முந்தியது என்று பிரிக்க முயன்றால் நூல் அறுந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது விளக்கு. பூசணி வேண்டாம், அது அமெரிக்கா போய்த் திரும்பி வந்த வழக்கம். டர்னிப் வாங்குங்கள், இங்கிலாந்துக் கடைகளில் ஸ்வீட் (swede, இனிப்பு அல்ல) என்று எழுதியிருப்பார்கள், ஊதாத் தோலும் உள்ளே மஞ்சளுமாக இருக்கும். மேல்பகுதியை மூடி மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இரும்புக் கரண்டியால் சுரண்டுங்கள். கல் மாதிரி இருக்கும், மணிக்கட்டு வலிக்கும், அவசரப்பட்டால் கை கிழியும். சுவர் ஒரு விரல் தடிமனுக்கு வந்ததும் கண்ணும் வாயும் வெட்டி, சின்ன மெழுகுவர்த்தியை உள்ளே வைத்தால் வெந்த டர்னிப் வாசனை வீடெல்லாம் அடிக்கும். நாலைந்து நாளில் அது சுருங்கிச் சுருங்கிக் கிழவர் முகமாகிவிடும். மேயோ மாவட்டத்திலுள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவில் இப்படியொரு பழைய விளக்கின் வார்ப்பு இருக்கிறது. அதைப் பார்த்தால் பூசணியைப் பார்த்து யாரும் ஏன் பயப்படுவதில்லை என்று புரியும்.

இரண்டாவது சாப்பாடு. மேசையில் ஒரு தட்டு அதிகமாகப் போடுங்கள், இறந்துபோன உங்கள் ஆட்களில் யாருக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அவர்களுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், பேசாமல் சாப்பிடுங்கள். இதைப் பேசா விருந்து என்பார்கள். முந்தைய காலத்தில் கன்னிப் பெண்கள் வரப்போகும் மாப்பிள்ளை யார் என்று குறி பார்க்கச் செய்த விளையாட்டு அது, செத்தவர்களுக்கென்று மாற்றிக்கொண்டது நவீன பேகன்கள். அமாவாசைக்குப் படைத்தே வளர்ந்த நமக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் இதில் ஐயர் இல்லை, திதி இல்லை, காக்காய் வந்ததா என்ற பதற்றமும் இல்லை. அரை மணி நேரம் ஒரு காலி நாற்காலிக்கு எதிரே வாயை மூடி உட்கார வேண்டும், அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு சிரிப்பு வராது.

ஒரு எச்சரிக்கை: சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டைத் தோட்டத்தில் வைப்பது வழக்கம். அன்றைக்கு அயர்லாந்தில் சாப்பிடும் பார்ம்பிராக் ரொட்டியில் உலர்திராட்சை நிறைய இருக்கும், அது நாய்களுக்கு விஷம். சாக்லேட்டும் அப்படியே. வெளியே வைப்பதாக இருந்தால் வெறும் ரொட்டி போதும்.

மூன்றாவது பெயர்கள். போன சௌவினுக்கும் இதற்கும் இடையில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, சத்தமாக ஒருமுறை படியுங்கள். குழுவாகச் செய்யும் இடங்களில் ஒவ்வொருவராகச் சொல்வார்கள், யாரும் அழுகையை அடக்கச் சொல்வதில்லை. வெளியே நெருப்போடு பார்க்க ஆசையிருந்தால் மீத் மாவட்டத்தில் ஆத்பாய் ஊருக்குப் பக்கத்திலுள்ள வார்டு குன்று இந்தப் பண்டிகையோடு சேர்த்துப் பேசப்படும் இடம்.

ஐந்தாம் படி: ஆவி எங்கே போகிறது என்று கேளுங்கள், அவசரமாகப் பதில் வைத்துக்கொள்ளாதீர்கள்

இருட்டும் மழையுமாக இருக்கிற நவம்பர் மாதம் முழுவதும் இதற்குத்தான். பேகன்களுக்குப் பொதுவான வேதநூல் இல்லை, பொதுவான பதிலும் இல்லை. ஒரே வட்டத்தில் பத்துப் பேர் நின்றால் நாலு பதில் வரும், யாரும் யாரையும் வெளியே தள்ள மாட்டார்கள்.

ஒரு பதில், திரும்பப் பிறப்பது. கி.மு. முதல் நூற்றாண்டில் காலியாவை, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியை, பிடித்த ஜூலியஸ் சீசர், அங்குள்ள ட்ரூயிட்கள் ஆன்மா அழிவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்று கற்பிக்கிறார்கள் என்றும், சாவுப் பயம் போய்விடுவதால் வீரம் கூடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். எதிரி எழுதியது, அதை நினைவில் வையுங்கள். ட்ரூயிட்களோ தங்கள் பாடத்தை எழுதிவைக்கவே இல்லை, மனப்பாடம்தான், சிலருக்கு இருபது வருடம் பிடித்ததாம். ஆக, அவர்கள் தரப்பு நம்மிடம் இல்லை. இன்றைய விக்காவில் மறுபிறவி இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு சீசரைவிடப் பெரிய காரணம் அடையாறு. ஆமாம், நம்ம அடையாறுதான். 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882-ல் அங்கே இடம் வாங்கியது. கர்மா, மறுபிறவி என்ற எண்ணங்களை ஆங்கிலம் பேசும் மறைஞான வட்டங்களுக்குள் கொண்டுசேர்த்ததில் அந்தச் சபைக்குப் பெரும் பங்கு. பக்கத்து வீட்டுக்காரர் சௌவின் அன்று மறுபிறவி பற்றிப் பேசினால், அதில் நம் ஊர்ச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டாவது பதில், கோடைநாடு. செத்தவர்கள் இளைப்பாறும் இடம், அங்கே தங்கியிருந்துவிட்டுத் தன் ஆட்களோடு சேர்ந்தே திரும்பி வருவது. இந்தப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவியுலகப் பேச்சாளர்களிடமிருந்து வந்தது. தண்டனை இல்லை, தீர்ப்பு இல்லை. நரகத்தோடு வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை என்று பலர் சொல்வதைக் கேட்கலாம்.

மூன்றாவது பதில்தான் எனக்கு நெருக்கம். தனியாக ஓர் ஆவி எங்கும் போவதில்லை, உடல் மண்ணாகிறது, மண் வேராகிறது, பெயரும் பழக்கமும் குரலும் உயிரோடு இருப்பவர்களிடம் தங்குகிறது. கடவுள் நம்பிக்கையே இல்லாத பேகன்களும் உண்டு, அவர்களும் சௌவினுக்குத் தட்டு போடுகிறார்கள். நம்பிக்கை முதலில், சடங்கு பிறகு என்ற வரிசை இங்கே செல்லாது. செய்துகொண்டே இருங்கள், என்ன நினைக்கிறீர்கள் என்பது தானாக வெளியே வரும். வந்தால் நோட்டில் எழுதுங்கள், அடுத்த வருடம் மாறியிருந்தாலும் அடிக்காதீர்கள்.

ஆறாம் படி: நீண்ட இரவு

டிசம்பர் 21-ஐ ஒட்டி. வீட்டில் செய்வதாக இருந்தால் எளிது: மாலையில் எல்லா விளக்கையும் அணைத்து, கொஞ்ச நேரம் இருட்டில் இருந்து, ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, மறுநாள் காலை எழுந்து உதயத்தைப் பாருங்கள். எட்டு மணிக்கு மேல்தான் உதயம், சோம்பேறிகளுக்கும் வசதி.

ஆனால் ஒருமுறையாவது நியூகிரேஞ்ச் போய்விட்டு வாருங்கள். அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில், கி.மு. 3200 வாக்கில் கட்டியது, கிசா பிரமிடுகளுக்கும் முந்தியது. பெரிய மண்மேடு, உள்ளே 19 மீட்டர் நீளத்துக்குக் குனிந்து நெளிந்து போகிற கல் இடைவழி, கடைசியில் ஒரு அறை. கல்லை ஒன்றுமேல் ஒன்றாக உள்நோக்கித் தள்ளித் தள்ளி அடுக்கிய கூரை, ஐயாயிரம் வருடமாக ஒழுகவில்லை. வாசலுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் மாதிரிப் பெட்டி. நீண்ட இரவை ஒட்டிய சில காலைகளில் மட்டும், ஒன்பது மணிக்குச் சற்று முன், வெயில் அந்தப் பெட்டி வழியாக நுழைந்து தரையில் மெல்லிய கோடாக ஊர்ந்து, அறைக்குள் வந்து, அகன்று, சுவர்களை வெளிச்சமாக்கி, சுமார் 17 நிமிடத்தில் சுருங்கிப் போய்விடுகிறது. அறையில் அகழ்ந்தபோது கிடைத்தவை எரிந்ததும் எரியாததுமான மனித எலும்புகள். அதாவது அந்த வெளிச்சம் போய்ச் சேர்வது செத்தவர்கள் இருந்த இடத்துக்கு. நவீன காலத்தில் இதை முதன்முதலில் உள்ளே நின்று பார்த்துப் பதிவு செய்தவர் அகழாய்வாளர் எம். ஜே. ஓ’கெல்லி, 1967 டிசம்பர் 21.

அந்தக் காலைகளில் உள்ளே போகக் குலுக்கல் உண்டு, ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள், கிடைத்தாலும் மேகம் போட்டால் ஒன்றும் தெரியாது. மற்ற நாட்களில் சுற்றிக்காட்டும்போது மின்விளக்கால் அதைச் செய்துகாட்டுவார்கள், அதுவே சிலிர்க்கும். கட்டியவர்களைக் கெல்டியர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கெல்டிய மொழிகள் அந்தத் தீவுக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியவர்கள் அவர்கள், என்ன பெயரில் எந்தத் தெய்வத்தை அழைத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை.

ஸ்டோன்ஹெஞ்சில் ஜூன் கூட்டம்தான் பிரபலம் என்றாலும், அந்தக் கற்கள் டிசம்பர் அஸ்தமனத்தையும் நேராகப் பார்க்கின்றன. பக்கத்திலுள்ள டரிங்டன் வால்ஸில் கிடைத்த பன்றிப் பற்கள், குளிர்காலத்தில் அறுத்துப் பெருவிருந்து நடந்ததைக் காட்டுகின்றன. இரண்டு நாட்களிலும் அந்த இடத்தைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு இலவசமாக உள்ளே விடுகிறது. 1985-ல் அங்கே போக முயன்றவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய கதை பெரியது, 2000-ல்தான் கோடை நாளுக்குத் திரும்பத் திறந்தார்கள். மது கூடாது, கல்லில் ஏறக் கூடாது, நெருப்பு கூடாது. கம்பளித் தொப்பியும் இரண்டு ஜோடிக் காலுறையும் கட்டாயம்.

ஏழாம் படி: இம்போல்க்குக்கு ஒரு சிலுவை பின்னுங்கள்

பிப்ரவரி 1. வெளியே இன்னும் குளிர்தான், ஆனால் ஸ்னோடிராப் பூ தலைகாட்டியிருக்கும், ஐந்து மணிக்கும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். இது பிரிஜிட்டின் நாள். பழைய ஏடுகளில் அவள் கவிஞர்களின் தெய்வம், கூடவே அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவம், ஒருத்தி கொல்லுப்பட்டறை. தேவாலயத்தில் அவள் கில்டேர் ஊரின் புனிதை. கில்டேரில் அவள் பெயரிலான சுடரை 1993-ல் கன்னியாஸ்திரிகளே மீண்டும் ஏற்றினார்கள். 2023 முதல் அயர்லாந்தில் அவளுக்காகப் பொது விடுமுறையும் உண்டு.

ஈரநிலத்தில் வளரும் ரஷ், பார்க்க நம் கோரை மாதிரி இருக்கும், ஜனவரி 31 அன்று இருபது தண்டு சேகரியுங்கள். வெட்டாமல் பிடுங்குவதுதான் வழக்கம். கிடைக்காவிட்டால் காகித உறிஞ்சுகுழல் வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் செய்வது போலச் செய்யலாம். ஒரு தண்டை நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் தண்டின் நடுவைச் சுற்றி, முனைகள் வலப்பக்கம் போகும்படி மாட்டுங்கள். மடித்த இடத்தைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்தபடி மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால்வட்டம் திருப்புங்கள். இப்போது அந்த முனைகள் மேல்நோக்கி நிற்கும். மூன்றாவது தண்டை மடித்து அவற்றைச் சுற்றி மாட்டுங்கள், முனைகள் மறுபடி வலப்பக்கம். திருப்புங்கள், அடுத்தது. நாலைந்து சுற்று வந்ததும் நடுவில் ஒரு சதுரம் நெசவு மாதிரி எழும்பும். விரலைத் தளர்த்தினால் எல்லாம் அவிழ்ந்துவிடும், டீ குடிக்கப் போகாதீர்கள். நாலு கையையும் நூலால் கட்டி, நுனியைச் சமமாக நறுக்கி, வாசலுக்கு மேல் மாட்டுங்கள். காய்ந்ததும் பச்சை வைக்கோல் நிறமாகும், அடுத்த வருடம் புதுசு மாட்டும்வரை இருக்கட்டும்.

அன்றிரவு ஒரு துணியை வெளியே போட்டு, பிரிஜிட் கடந்து போகும்போது தொட்டுவிட்டுப் போவாள் என்று காலையில் எடுத்து, தலைவலிக்குக் கட்டுவார்கள். செலவில்லாதது, செய்து பாருங்கள்.

எட்டாம் படி: மார்ச், பிறகு பெல்டேன்

மார்ச் சம இரவு நாளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. விதை போடுங்கள், ஜன்னலோரத் தொட்டியானாலும் சரி. மீத் மாவட்டத்தில் லாஃப்குரூ என்ற குன்றின் உச்சியில் இன்னொரு பழைய கல்லறை இருக்கிறது, இரண்டு சம இரவு நாட்களிலும் உதய வெயில் அதன் உட்சுவரில் செதுக்கிய வட்டங்கள்மீது விழும்.

மே 1 வேறு மாதிரி. மாடுகளை இரண்டு நெருப்புகளுக்கு நடுவே ஓட்டி நோய் அண்டாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய ஐரிஷ் அகராதி ஒன்று சொல்கிறது. எடின்பரோவின் கால்டன் குன்றில் 1988 முதல் ஏப்ரல் 30 இரவு நடக்கும் நெருப்புத் திருவிழா இதன் நகரத்துப் பதிப்பு. பறையோசைக்குப் பழகிய காதுக்கு அங்கே மேளம் பிடிக்கும்.

அன்று ஹாதார்ன் மரத்தைத் தேடிப் போங்கள். வெள்ளைப் பூவாகப் பூத்திருக்கும், வடக்கே போகப் போகத் தாமதமாகும். 1752-ல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாட்கள் காணாமல் போனதால் மே 1 என்பதே முன்னால் நகர்ந்துவிட்டது, பூ நகரவில்லை. அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்பார்கள். பூவை முகர்ந்து பாருங்கள்: முதலில் இனிப்பு, அதற்கடியில் ஒரு கெட்ட வாடை. அழுகும் உடலில் உண்டாகும் ட்ரைமெதிலமைன் என்ற பொருள் அந்தப் பூவிலும் இருக்கிறது. பிணத்தை வீட்டில் வைத்திருந்து அடக்கம் செய்த காலத்து மனிதர்களுக்கு அந்த வாடை நன்றாகவே தெரிந்திருக்கும். தனியாக நிற்கும் ஹாதார்னை வெட்டுவதும் ஆகாது. கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில் அப்படி ஒரு புதருக்காக 1999-ல் நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது.

மரத்திலும் ஊற்றோரத்திலும் துணி கட்டி வேண்டிக்கொள்வது உண்டு. நம் ஊரில் தொட்டில் கட்டுவது நினைவுக்கு வரும். துணி மக்கினால் நோயும் மக்கும் என்பது கணக்கு, அதனால் பருத்தியோ கம்பளியோ மட்டும். நைலான் ரிப்பன் மக்காது, கிளையை இறுக்கி மரத்தைக் கொல்லும். அதைக் கட்டுவதற்குச் சும்மா இருக்கலாம்.

ஒன்பதாம் படி: கோடையிலிருந்து அறுவடை வரை

ஜூன் 21: முடிந்தால் உதயம்வரை விழித்திருங்கள், இரவு சின்னதுதான். மறுநாளிலிருந்து பகல் சுருங்கத் தொடங்கும், உச்சத்திலேயே இறக்கமும் இருக்கிறது என்பதுதான் அன்றைய பாடம்.

ஆகஸ்ட் 1, லூனசா: முதல் விளைச்சல். குன்று ஏறி பில்பெரி என்ற காட்டுப் பழம் பறிப்பது பழைய வழக்கம். ஜூலைக் கடைசி ஞாயிறு க்ரோ பாட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் ஏறுகிறார்களே, சிலர் வெறுங்காலோடு, அந்த யாத்திரைக்கு அடியில் லூனசா இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கெர்ரியின் கில்லார்க்லினில் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை ஒரு காட்டு ஆட்டுக்கு முடிசூட்டி ராஜாவாக உட்கார வைக்கிறார்கள், எவ்வளவு பழசோ, வேடிக்கைக்காகவே போகலாம். வீட்டில் ஒரு ரொட்டி சுடுங்கள்.

செப்டம்பர் 22 வாக்கில் பிளாக்பெரி, ஆப்பிள், நோட்டில் வருடக் கணக்கு: என்ன விதைத்தோம், என்ன வந்தது, என்ன வரவில்லை. வேலியோரம் பறிக்கும்போது யூ மரத்தின் சிவப்புப் பழத்தைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விதை கொடிய விஷம். தெரியாத காளானும் அப்படியே.

பத்தாம் படி: ஆட்களைத் தேடுங்கள், காசைப் பத்திரமாக வையுங்கள்

தனியாகவே செய்யலாம், நிறையப் பேர் அப்படித்தான். துணை வேண்டுமென்றால் 1971-ல் தொடங்கிய பேகன் ஃபெடரேஷன் ஊருக்கு ஊர் கூட்டங்களைச் சொல்லும். பெரும்பாலும் ஒரு பப்பின் மாடியில் நடக்கும், சாதாரண உடையில் போங்கள். நிக்கல்ஸ் 1964-ல் தொடங்கிய ட்ரூயிட் அமைப்பு வீட்டிலிருந்தே படிக்கப் பாடம் நடத்துகிறது. ட்ரூயிட் நெட்வொர்க்குக்கு 2010-ல் அறக்கட்டளை அங்கீகாரமும் கிடைத்தது.

ரகசியத் தீட்சைக்குப் பெருந்தொகை கேட்பவர், குடும்பத்திடம் சொல்லாதே என்பவர், உன் முன்னோர் சாபம் இருக்கிறது என்று பயமுறுத்துபவர், ஆடையில்லாமல் செய்தால்தான் பலிக்கும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவர், எல்லோரும் ஒரே ரகம். நம் ஊரில் பார்க்காததா? எழுந்து வந்துவிடுங்கள்.

பதினோராம் படி: உங்கள் உடலை என்ன செய்வது என்று எழுதிவையுங்கள்

வருடம் முழுக்க மக்கும் கட்டையையும் செத்தவர்களின் தட்டையும் பார்த்துவிட்டு இதை மட்டும் தவிர்ப்பது நியாயமில்லை. 1993-ல் கார்லைல் கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டனின் முதல் வன அடக்கப் பகுதி தொடங்கியது: கல் இல்லை, சிமெண்ட் இல்லை, மக்கும் பெட்டி, மேலே ஒரு மரம். இப்போது நாடெங்கும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. வில்ட்ஷயரில் ஆல் கேனிங்ஸ் என்ற இடத்தில் 2014-ல் புதிய கற்காலக் கல்லறை பாணியில் ஒரு நீள்மேடு புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். நீண்ட இரவை அடுத்த உதயத்தில் வெயில் உள்ளே நுழைகிற மாதிரி வாசல், உள்ளே கல் மாடங்களில் சாம்பல் கலசங்கள். எரிக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களுக்கும் இது ஒத்துவரும்.

எது வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்: எரிப்பதா புதைப்பதா, எங்கே, யார் பேசுவது, எந்தப் பாட்டு, தேவாரமா பறையா இரண்டுமா. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிலில் எழுதிவைத்த இறுதிச்சடங்கு விருப்பத்துக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, முடிவெடுப்பது உயிலை நிறைவேற்றுபவர்தான். உயிலைத் திறந்து படிப்பதற்குள் அடக்கமே முடிந்துபோவதும் உண்டு. அதனால் அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்து, எதிரே உட்கார வைத்து, ஊரில் இருக்கும் அண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.